கடைசிப் பந்தியில் சாப்பிட்டவள்

அம்மாபேட்டையில் பெரியநாயகியின் வாய்க்கு அஞ்சாதவர்கள் இரண்டே பேர். ஒருவர் அவள் புருஷன் அர்த்தநாரி. முப்பது வருஷத்தில் அவருக்கு அது பழகிப்போய்விட்டது. இன்னொருவர் நூல் வியாபாரி பச்சமுத்து. அவர் தன் பேச்சைத் தவிர வேறு யார் பேச்சையும் கேட்டவரில்லை. 1931-ஆம் வருஷத்து மாசி மாதத்தில் இந்த இரண்டு பேரும் ஒரே நாளில், ஒரே வார்த்தையை அவளிடம் சொன்னார்கள்.

"பொம்பளைக்கு மூச்சுத் தாங்காது."

விஷயம் இதுதான். முந்தின வருஷம் ஊரெல்லாம் பேதி கண்டு பிணம் விழுந்தபோது, நெசவாளர்கள் குடியிருந்த அந்தத் தெருவில் மட்டும் ஒரு உயிர்கூடப் போகவில்லை. அதற்கு நன்றியாக, இமயமலைமேல் பனிக்குள் இருக்கிற கேதாரநாதருக்குத் தெருவே சேர்ந்து ஒரு வெண்பட்டு வேட்டி நெய்து, கையில் கொண்டுபோய்ச் சாத்துவது என்று முடிவாயிற்று. போகிறவர்கள் ஐந்து பேர். ஐவரும் ஆண்கள்; அர்த்தநாரியும் அதில் ஒருவர். தலைவர் பச்சமுத்து. ஏற்கெனவே ஒரு தடவை ரயிலேறிக் காசிக்குப் போய்வந்தவர் என்பதால் அவருக்கு மலை தெரியும் என்று தெருவே நம்பியது. காசியில் மலை ஏது என்று யாரும் கேட்கவில்லை.

அந்த வேட்டிக்குப் பாவு, அதாவது தறியில் ஏற்றும் நெடுக்கு நூல், ஓட்டியது பெரியநாயகி. தெரு நெடுக இரண்டு வரிசையாகக் குச்சி நட்டு, இரண்டு கையிலும் நூல் கதிர் பிடித்து, அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடந்துகொண்டே இருந்தால்தான் பாவு சேரும். ஒரு பாவு முடிவதற்குள் ஏழெட்டு மைல் நடந்தாகிவிடும். பதிமூன்று வயதில் தொடங்கி நாற்பத்து மூன்று வயதுவரை அவள் நடந்த நடையை நீட்டிப் போட்டால் கேதாரத்துக்குப் போய்வந்து மறுபடியும் போகலாம். வருஷம் தவறாமல் தீபாவளிக்குக் கேதாரகௌரி நோன்பு இருந்து மணிக்கட்டில் சரடு கட்டிக்கொண்டவள். அந்தச் சாமிக்கு இந்த வேட்டியைத் தன் கையால் கொடுத்துச் சாத்திப் பார்க்கவேண்டும் என்று ஆசைப்பட்டாள். ஆயுசில் அவள் ஆசைப்பட்டுக் கேட்டது அது ஒன்றுதான்.

"ஏனம்மணி, அது பன்னண்டாயிரம் அடி ஒசரம். ஆம்பளைங்களே மூச்சடைச்சு உளுந்துருவாங்க. நீ வந்தா உன்னையத் தூக்கறதா, சாமியப் பாக்கறதா?" என்றார் பச்சமுத்து.

"அண்ணன் சொல்றது நாயந்தானே புள்ள," என்றார் அர்த்தநாரி.

அவள் வீட்டுக்கு வந்து அடுப்பில் கிடந்த விறகை வெளியே இழுத்துப் போட்டாள். அன்றைக்கு அர்த்தநாரிக்குப் பழைய சோறுதான்.

தூர யாத்திரை போகிறவர்கள் திரும்பாமலே போய்விடலாம் என்று, அந்தத் தெருவில் ஒரு வழக்கம் இருந்தது. புறப்படுமுன் ஒவ்வொரு வீட்டிலும் அவர்களைக் கூப்பிட்டு இலைபோட்டு விருந்து வைப்பார்கள். கைகழுவினதும் வெற்றிலை பாக்கோடு ஒரு மஞ்சள் துணி முடிச்சைக் கொடுப்பார்கள். அந்த வீட்டின் வேண்டுதல் அதற்குள் இருக்கும்: ஒரு பிடி அரிசி, ஒரு கண்ணி நூல், செத்துப்போன குழந்தையின் கால் காப்பு. அந்த வீட்டில் வழியனுப்பு விருந்து தின்றவர் போய்த்தான் ஆகவேண்டும். தின்றுவிட்டுப் போகாதிருந்தால் தின்ற வீட்டுக்கு ஆகாது. போய்த் திரும்பினால், போகாதவர்கள் அவர்கள் காலைக் கழுவுவார்கள்.

தெருவில் முப்பத்திரண்டு வீடுகள். ஆக முப்பத்திரண்டு விருந்து. பெரியநாயகி கைப்பக்குவம் ஊரறிந்தது. எந்த வீட்டு விருந்தென்றாலும் அவளைத்தான் அடுப்படிக்குக் கூப்பிட்டார்கள். வரமாட்டேன் என்று யாரிடம் சொல்வது? வீட்டுக்காரி பாவம், அவள்மேல் என்ன கோபம்? ஐந்து பேரும் கச்சாயம், பருப்புப் பாயசம், ஒப்பிட்டு என்று மூக்குப் பிடிக்கத் தின்றார்கள். ஆண்கள் பந்தி முடிந்து, வீட்டுப் பெண்கள் பந்தியும் முடிந்து, கடைசிப் பந்தியில் அடிப்பிடித்ததை வழித்துப் போட்டுக்கொண்டு அவள் உட்காருவாள்.

"பனிமலையில கொளுப்புத்தாங்க கம்பளி. உடம்புல சதை போட்டுட்டுப் போனாத்தான் குளிரு அண்டாது," என்று பச்சமுத்து இலைக்கு முன்னால் உட்கார்ந்தபடி எல்லோருக்கும் யாத்திரை இலக்கணம் சொன்னார். பங்குனி பிறப்பதற்குள் அர்த்தநாரிக்கு அரைஞாண் கயிறு இறுக ஆரம்பித்தது.

மற்றபடி ஏற்பாடுகளுக்குக் குறைவில்லை. ஐந்து பேருக்கும் ஐந்து ஜோடி கான்வாஸ் ஜோடு, காதுவரை மூடும் குல்லா, அடியில் இரும்புப் பூண் போட்ட தடி, கம்பளி எல்லாம் வந்தன. சாயங்காலம் குல்லா மாட்டிக்கொண்டு, தடியை டக்டக்கென்று ஊன்றி, கோயில்வரை நடந்துபோய் உட்கார்ந்து பேசிவிட்டுத் திரும்புவார்கள். அதற்குப் பேர் பழக்கம். மாசி வெயிலில் கம்பளிக் குல்லாவைப் பார்த்துத் தெருநாய்கள் குரைத்தன. நாய்க்குத் தெரிந்தது மனிதர்களுக்குத் தெரியவில்லை.

பெரியநாயகியும் பழகினாள். செவ்வாய்தோறும் முருகனுக்கு விளக்குப் போடுவதாகச் சொல்லி, தலையில் ஒரு குடம் தண்ணீரோடு ஊத்துமலை ஏறினாள். முதல் நாள் பாதி மலையில் நெஞ்சு படபடத்து, கண் இருட்டி, குடத்தை இறக்கிவிட்டுப் பாறையில் சாய்ந்துவிட்டாள். பச்சமுத்து சொன்னது பலித்துவிட்டதே என்று நினைத்தபோது அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. குடத்துத் தண்ணீரைக் குடித்துவிட்டு யோசித்தாள். சமதரையில் பாவு ஓட்டும்போது அவசரப்பட்டால் நூல் அறுந்துவிடும். எடுத்து வைக்கும் எட்டு எல்லாம் ஒரே அளவாக இருக்கவேண்டும், வாய் மூடியிருக்கவேண்டும். கோபத்தில் அவள் மலையை ஓடி ஏறப் பார்த்திருக்கிறாள். மறு செவ்வாய் பாவு நடை நடந்தாள். மூன்று இடத்தில் நின்றாள். அதற்கடுத்த வாரம் ஒரு இடத்தில். பங்குனி உத்திரத்தன்று குடத்தை இறக்காமலே கோயில் வாசலில் போய் நின்றாள். ஓமலூரிலிருந்து சித்திரையில் ஒரு கூட்டம் கேதாரம் போவதையும், அதில் மூன்று பெண்கள் இருப்பதையும் சந்தையில் விசாரித்துவைத்துக்கொண்டாள்.

கிளம்பப் பதினைந்து நாள் இருக்கும்போது, ஏற்காட்டு மலையைக் கால்நடையாக ஏறி ஒத்திகை பார்ப்பதென்று பச்சமுத்து தீர்மானித்தார். மோட்டார் ரோடு வேண்டாம், பழைய நடைபாதைதான். மேலே போய்ச் சாப்பிடவேண்டுமே? அதற்குப் பெரியநாயகியைக் கூப்பிட்டார்கள்!

கேட்கிறவர்களுக்கே வயிறு எரிகிறதல்லவா? ஏறினால் மூச்சுத் தாங்காதவள், அரிசியும் பருப்பும் பித்தளைப் பானையுமாகத் தலையில் வைத்துக்கொண்டு அதே மலையை ஏறலாமாம். சோற்றுப் பானையோடு போனால் மூச்சுத் தாங்கும்போலிருக்கிறது. அவள் சும்மாட்டைச் சுருட்டித் தலையில் வைத்தாள்.

முதல் நாள் ராத்திரி இருபத்தெட்டாவது வீட்டில் விருந்து. ஒப்பிட்டுக்கு நெய் தாராளம். விடிந்து அடிவாரத்தில் வண்டியை விட்டு இறங்கி நூறு எட்டு வைப்பதற்குள் ஒருவர் ஓரமாகப் போய் வாந்தி எடுத்தார். புது ஜோடு இரண்டு பேருக்குக் குதிகாலை உரித்துவிட்டது. அர்த்தநாரி ஒவ்வொரு மரத்தையும் கட்டிப் பிடித்து நலம் விசாரித்துக்கொண்டு ஏறினார். பச்சமுத்து ஒரு வளைவில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. மலைக்காரர்கள் நான்கு பேர் ஒரு டோலியோடு வந்தார்கள். அதில் ஏறிப் படுத்துக்கொண்டார்.

பெரியநாயகி மேலே போய்ச் சேர்ந்து, குளிர்காற்றில் கல் கூட்டி, ஈர விறகை ஊதி ஊதிப் பற்றவைத்து, சோறு வடித்து, குழம்பு இறக்கிய பிறகுதான் டோலி வந்தது. டோலியிலிருந்து இறங்கியவர் நேராக இலைமுன் உட்கார்ந்தார். இரண்டாம் தடவை சோறு வாங்கிக்கொண்டு, "ஒத்திகை ஒரு கொறையுமில்லாம முடிஞ்சுதுங்க," என்றார்.

அவள் கரண்டியைப் பானைக்குள் போட்டாள்.

"அப்ப நானும் வாரனுங்களா, அண்ணா?"

"அதா மறுபடியுமா? சோறாக்கறது வேற, சாமி பாக்கப் போறது வேற அம்மணி."

"என்னங்க வேற? தன்ற உடம்புல பாதியவே பொம்பளைக்குக் குடுத்த சாமிங்க அது. அந்தப் பாதி வேணும்னு அம்மன் இருந்த நோம்பைத்தான் வருசாவருசம் நாங்க இருக்கறோம். திருச்செங்கோட்டு மலைமேல பாதிப் பொம்பளையா நிக்கறாரு, அந்தப் பேரைத்தான் இந்த மனுசனுக்கு வெச்சிருக்குது. அவரு உட்ட எடத்துல நீங்க ஆருங்க வேண்டாங்கறதுக்கு? டோலியில வந்து எறங்கிட்டு எனக்கு மூச்சுத் தாங்காதுங்கறீங்களே, வெக்கமா இல்லீங்களா?"

அர்த்தநாரி இலையைப் பார்த்துக்கொண்டே, "குளம்பு ஊத்து புள்ள," என்றார். ஊற்றினாள். கொதிக்கக் கொதிக்க ஊற்றினாள்.

கீழே இறங்கி வந்ததும் ஒவ்வொருவருக்காகக் காரணம் முளைத்தது. ஒருவருக்கு முழங்கால். ஒருவருக்கு மகள் பேறுகாலம். ஒருவருக்கு ஜோசியர் நாள் சரியில்லை என்றார். அதற்காக முப்பத்தோராவது விருந்தையும் முப்பத்திரண்டாவது விருந்தையும் அவர்கள் விட்டுவிடவில்லை. சாப்பிட்டு, வெற்றிலை போட்டு, முடிச்சை வாங்கிக்கொண்ட மறுநாள் கோயில் மண்டபத்தில் தெருவைக் கூட்டினார்கள்.

பச்சமுத்து எழுந்து நின்று தொண்டையைச் செருமினார். "காலம் மாறிப்போச்சுங்க. ரயிலு இருக்குது, தபால் இருக்குது. வேட்டியையும் முடிச்சுகளையும் நல்லா பொட்டணம் கட்டி, சூரமங்கலம் டேசன்ல பார்சல் போட்டுட்டா, சாமிகிட்டப் போய்ச் சேந்துருமுங்க."

பெண்கள் பக்கத்திலிருந்து பெரியநாயகி எழுந்தாள்.

"பார்சலுங்களா? பேதிக்கு ஒரு புள்ளையக்கூடக் குடுக்காம காப்பாத்துன சாமிக்குப் பார்சலுங்களா? அதைக் கொண்டாங்க இங்க. நாம் போறேன். ஓமலூருக் கூட்டம் வார வெள்ளிக்கெளமை கெளம்புது, சொல்லி வெச்சிருக்கறேன்."

"நெனைச்சவங்க எல்லாம் கொண்டுபோக முடியுமா?" பச்சமுத்துவுக்கு வழி கிடைத்துவிட்டது. "தெருவோட முடிச்சைத் தொடோணும்னா வழியனுப்பு விருந்து உண்டிருக்கோணும். முப்பத்திரண்டு ஊட்டுலயும் கையை நனைச்சிருக்கோணும். வழக்கம் தெரியாதா உனக்கு?"

மண்டபத்தில் ஆண்கள் தலையாட்டினார்கள். வழக்கம் வழக்கம்தானே.

"நனைச்சிருக்கறனுங்க," என்றாள் பெரியநாயகி. "முப்பத்திரண்டு ஊட்டுலயும் கையை நனைச்சிருக்கறேன். நீங்க தின்ன சோத்தை ஆக்குனது நானு. கடைசிப் பந்தியில உக்காந்து அடிச்சோத்தை வளிச்சுத் தின்னதும் நானு. எந்த ஊட்டுலயாவது நான் திங்கலீன்னு ஒருத்தராச்சும் சொல்லட்டும், உக்காந்துக்கறேன். நீங்க தின்னுபோட்டுப் போகாம இருங்க, அது உங்க துணிச்சலு. நான் தின்னுருக்கறேன், நான் போகோணும். போகலீன்னா இந்தத் தெருவுல எந்த ஊட்டுக்கும் ஆகாது."

"வெத்தலை வாங்கலியே," என்றார் பச்சமுத்து கடைசியில்.

அப்போது ஒரு பெண் எழுந்து வந்தாள். அவர் பெண்சாதி முத்தாயம்மாள்தான். இடுப்பிலிருந்த சுருக்குப் பையைத் திறந்து இரண்டு வெற்றிலையும் ஒரு கொட்டைப் பாக்கும் எடுத்துப் பெரியநாயகி கையில் வைத்தாள். புருஷன் முகத்தைப் பார்க்கவே இல்லை. அவளுக்குப் பின்னால் மற்ற வீட்டுப் பெண்களும் வரிசையாக எழுந்து வந்தார்கள்.

வெள்ளிக்கிழமை சூரமங்கலம் ஸ்டேஷனில் பெரியநாயகி மடியில் வெண்பட்டைக் கட்டிக்கொண்டு, தோளில் முடிச்சு மூட்டையோடு ரயிலேறினாள். பின்னாலேயே அர்த்தநாரியும் ஏறினார், ஜோடு இல்லாமல், குல்லா இல்லாமல், தலையில் பித்தளைப் பானையோடு. முதல் நாள் ராத்திரி அவளாகவே சொல்லியிருந்தாள்: "வாரதுன்னா வாங்க. பானை உங்குளுது."

இரண்டரை மாசம் கழித்து ஆடியில் திரும்பினார்கள். அர்த்தநாரி பாதியாக இளைத்திருந்தார். பெரியநாயகியின் மூக்கு நுனி பனியில் கருகித் தோலுரிந்திருந்தது. பாதம் வெடித்துப் பாளம் பாளமாக இருந்தது. தெரு முனையில் பச்சமுத்து தாம்பாளமும் சொம்புமாக நின்றார். தலைவர் அவர்தானே, முதல் தண்ணீர் அவர்தான் ஊற்றவேண்டும். சொம்பைத் தூக்கிக்கொண்டு நேராக அர்த்தநாரியிடம் போனார்.

அர்த்தநாரி காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "எனக்கெதுக்குங்க? கேதாரத்துல மூச்சடைச்சுப் பனியில உளுந்து கெடந்தவன் நானு. பானையையும் என்னையும் சேத்து மேல கொண்டுபோனவ அவ. வேட்டியைப் பூசாரி கையில குடுத்தவளும் அவதானுங்க. மொதல்ல அங்க ஊத்துங்க."

தெரு முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தது. பச்சமுத்து திரும்பினார். தாம்பாளத்தை வைக்க அவர் குனிய வேண்டியிருந்தது. தொந்தி இடம் கொடுக்கவில்லை.

"பாத்து, மெதுவாக் குனிங்கண்ணா," என்றாள் பெரியநாயகி. "மூச்சுத் தாங்காது."

அவர் ஊற்றினார். தண்ணீரைக் கொஞ்சம் குறைவாகத்தான் ஊற்றினார் என்று முத்தாயம்மாள் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள்.