துளிர்த்த பந்தக்கால்

என் கல்யாணத்துக்குப் பந்தக்கால் நடுவதற்கு ஒரு கல்யாண முருங்கைக் கொம்பு கப்பலேறி வந்தது. மாமியார்தான் ஈரச்சாக்கில் சுற்றி ஊரிலிருந்து கொண்டுவந்தார். கல்யாணம் முடிந்ததும் அதை அந்தமானில் கராச்சர்மா என்ற ஊரில், எங்கள் வீட்டு வாசலோரம் ஊன்றினார்கள். துளிர்த்தால் குடும்பம் தழைக்குமாம். பத்தே நாளில் துளிர்த்தது. அந்தமான் மழைக்கு விளக்குமாற்றை நட்டாலும் துளிர்க்கும்! அதை யாரிடம் சொல்வது?

என் வீட்டுக்காரருக்கு வடக்கே திக்லிபூர் பக்கம் மரம் வெட்டும் கேம்பில் வேலை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வருவார், நாலு நாள் இருப்பார், கப்பலேறிவிடுவார். இரண்டு வருஷத்தில் மரம் கூரையைத் தொட்டு, செக்கச்செவேலென்று பூத்தும்விட்டது. எனக்குப் பிள்ளை இல்லை.

"நட்ட கொம்பு பூத்திருச்சு, வந்தவ பூக்கலையே" என்று வருகிறவர்களிடமெல்லாம் அத்தை சொல்வார். சளி பிடித்தால் அந்த இலையை அரிசியோடு அரைத்து அடை சுடுவோம், அது நன்றாகத்தான் இருக்கும். ஆனால் பிள்ளை வரம் வேண்டி, தினம் விடிந்ததும் வெறும் வயிற்றில் அதே இலையின் பச்சைச் சாறு ஒரு தம்ளர், அத்தை கட்டளை. குமட்டும். முள் குத்தக் குத்த இலை பறிப்பதும் நான்தான். தைக்குள் ஒன்றும் தங்கவில்லையென்றால், தன் அண்ணன் மகளைக் கொண்டுவந்து அவருக்குக் கட்டிவைப்பதாக அத்தை முடிவே செய்துவிட்டார்.

ஒருநாள் பக்கத்து வீட்டு வங்காளிப் பெண், நான் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிப்பதை வேலிக்கு அப்பாலிருந்து பார்த்தாள். எதற்கு என்று கேட்டாள். சொன்னேன்.

"அரே தீதி! ஆத்மி உதர், தவாய் இதர்?" என்று விழுந்து விழுந்து சிரித்தாள்.

ஆள் அங்கே, மருந்து இங்கே! இந்தச் சின்னக் கணக்கு எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாதா? தெரியும். வாய்தான் இல்லை.

தம்ளரை அத்தை முன்னால் ணங்கென்று வைத்தேன். "இதை நீங்களே குடிங்க. நான் திக்லிபூர் போறேன்."

"கேம்புல பொம்பளைக்கு என்னடி வேலை?"

"இந்தச் சாறு செய்யாத வேலை!"

அடுத்த ஜஹாஜிலேயே கப்பலேறிவிட்டேன்.

மறுவருஷம் கேம்புக் குடிசையில் மகள் பிறந்தாள். அவளைத் தூக்கிக்கொண்டு கராச்சர்மா வந்தால், மரத்துக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, சேலை சுற்றியிருக்கிறார் அத்தை. "எல்லாம் இந்த இலை குடுத்த பிள்ளை" என்று தெருவெல்லாம் சொல்லியாகிவிட்டது. பிள்ளை பார்க்க வந்த பெண்கள் போகும்போது ஆளுக்கொரு கொத்து இலை பறித்துப் போனார்கள். மருமகளுக்குக் கொடுக்கவாம்.