பிரிசில்லாவின் கட்டைவிரல்

நிச்சயமான சேதி என்றால் பிரிசில்லாவின் வலது கட்டைவிரல் மேசையில் அழுந்தும். சந்தேகமான சேதி என்றால் அந்தரத்தில் நிற்கும். ஆம்பூர் ஷூ கம்பெனியில் வருடக்கணக்கில் தோலை அழுத்திப் பார்த்துத் தரம் பிரித்த விரல் அது. ஸ்பானிஷ் தெரியும் என்று ஆபீசுக்கு மாற்றிய பிறகும் பழக்கம் போகவில்லை; ஆபீசில் எல்லோருக்கும் அது தெரியும்.

ஸ்பானிஷைக் கம்பெனி பஸ்ஸிலேயே மொபைலைப் பார்த்துக் கற்றுக்கொண்டாள். வாய்க்குள் முணுமுணுப்பதைப் பார்த்துப் பக்கத்து சீட் எழிலரசி, "இன்னாடி, பஸ்ஸுலயே ஜெபமா?" என்று சீண்டுவாள். அந்த மொழியில் அவளுக்கு உயிர் 'சீ கே'. நாம் 'சத்தியமா' என்று அடித்துச் சொல்வோமே, அந்த அழுத்தம். ஆனால் அது கண்ட இடத்தில் உட்காராது. 'வருவதாகச் சொன்னார்' என்பதற்குள் உட்காரும். 'வருவாரா என்பது சந்தேகம்' என்பதற்குள் உட்காராது.

"மனசுல டவுட்ட வெச்சிக்கினு வாயில சத்தியம் பண்ணா எப்படிடி ஒட்டும்?" என்று எழிலரசியிடம் சொல்வாள் பிரிசில்லா.

போன வாரம் அதற்கும் சோதனை வந்தது. கம்பெனியிடம் மொத்தமாக ஷூ வாங்கும் ஸ்பெயின் நாட்டு மார்த்தா அம்மாள் வீடியோ காலில் இருந்தார். ஆர்டர் கைநழுவினால் பிரிசில்லா பழையபடி செக்கிங் மேசைக்குத்தான் போக வேண்டும். வாணியம்பாடியிலிருந்து தோலோ பாதிதான் வந்திருந்தது.

மேனேஜர் ரஃபி அகமது அவள் காதோரம் குனிந்தார். "மாசக் கடைசிக்குள்ள முழு லோடும் கப்பல் ஏறிடும்னு அழுத்திச் சொல்லும்மா."

"உங்களுக்குத் தெரியுமா சார், இல்ல நம்புறீங்களா?"

"நம்புறேன்... பேஜார் பண்ணாதம்மா."

"பாதி ஏறிடும், அது உறுதி. அத அழுத்திச் சொல்றேன். மீதி ஏறும்னு நம்புறீங்க. அத அழுத்த முடியாது சார், நம்புறீங்கன்னுதான் சொல்லுவேன்."

ரஃபி நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "சரி சொல்லு. அல்லா இருக்கான்."

சொன்னாள். பாதிக்கு 'சீ கே'யோடு விரல் அழுந்தியது, மீதிக்கு எழுந்தது. மார்த்தா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். யோசித்தார். பிறகு நீளமாக ஏதோ சொன்னார்.

"இன்னா சொல்றாங்க?"

"பாதிய மொதல்ல அனுப்பச் சொல்றாங்க சார். மீதிக்கு வெயிட் பண்றாங்களாம். ஆர்டர் நமக்குத்தானாம்."

"நெஜமாவா?"

கேட்டுவிட்டு ரஃபி அவள் முகத்தைப் பார்க்கவில்லை, மேசையைப் பார்த்தார். கட்டைவிரல் நகம் வெளுக்கும்வரை அழுந்தியிருந்தது.