ஷாங்காய் வீதியில் ஒரு தோல் பை

நாலு வருஷத்துக்கு முன்பு ஒரு சித்திரை மாதம், சீன தேசத்து ஷாங்காய் பட்டணத்தின் நடுவீதியில் வைத்து என்னைத் திருடன் என்று பிடித்துக்கொண்டார்கள். ஆம்பூர்க்காரனுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

எனக்குத் தோல் மண்டியில் தரம் பிரிக்கிற வேலை. அந்த வருஷம் எங்கள் முதலாளி ஜப்பானுக்குப் பதனிடாத ஆட்டுத்தோல் அனுப்பினார். சரக்கைப் பிரித்துக் காட்ட நான், பேச்சுவார்த்தைக்கு எங்கள் குமாஸ்தா பாய், அங்கே ஓடுகிற மெஷின்களைப் பார்த்து வர ஒரு மேஸ்திரி என்று மூன்று பேரைக் கப்பலேற்றிவிட்டார். மூவரும் சிறு வயதிலிருந்தே ஒன்றாகச் சுற்றியவர்கள். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஆனால் என் மனைவி தலைப்பிரசவத்துக்காகக் கணியம்பாடியில் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். "புள்ள பொறக்கறதுக்குள்ள வந்துடுவீங்களா?" என்று மட்டும் கேட்டாள். வந்துவிடுவேன் என்று பெரிய மனுஷன் மாதிரி சொல்லிவிட்டேன். ஜப்பானில் வேலை இழுத்துக்கொண்டே போக, சொன்ன வாயை நொந்துகொண்டு கிடந்தேன்.

ஒருவழியாகத் திரும்பினோம். கப்பல் ஷாங்காயில் காலையில் நின்றது. சாயங்காலம் கிளம்பும் என்றார்கள். அதை விட்டால் அடுத்த கப்பல் எப்போது கிடைக்கும் என்று யாருக்கும் தெரியாது. குழந்தை நான் இல்லாமலே பிறந்துவிடும். அதனால் இறங்கவே மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டேன். பாய் விடவில்லை.

"இன்னா தோஸ்த், இவ்ளோ தூரம் வந்துட்டு கப்பல்லயே குந்திக்கினு இருப்பியா? ஊர்ல போயி இன்னா சொல்லுவ? தண்ணியப் பாத்தேன்னா?"

கப்பல் ஆற்றின் நடுவில் நின்றதால் படகில் கரைக்குப் போனோம். கரையோரம் முழுக்க அரண்மனை மாதிரிக் கட்டடங்கள். டிராம் வண்டி, மோட்டார், ரிக்ஷா, தோளில் மூங்கில் போட்டுச் சுமை தூக்குகிறவர்கள் என்று தெரு கொள்ளாத கூட்டம். குளத்துக்கு நடுவே இருந்த ஒரு டீக்கடைக்குக் கோணல்மாணலாகப் பாலம் கட்டியிருந்தான். பாலும் இல்லை, சர்க்கரையும் இல்லை, வெறும் தழைத் தண்ணீர். பாய் ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்த அழகைப் பார்க்க வேண்டுமே! பக்கத்துச் சந்தில் குருவிக் கூண்டுகள் விற்றார்கள். மேஸ்திரி அங்கேயே நின்றுவிட்டான். இழுக்க இழுக்க வரவில்லை. அவனை நகர்த்திக்கொண்டு வருவதற்குள் வெயில் சாய்ந்துவிட்டது.

படகுத்துறைக்குப் போக டிராமுக்காகக் காத்து நின்றோம். அப்போதுதான் அந்த வாசனை வந்தது.

எங்கள் ஊர்ப் பக்கம் ரயிலில் போனவர்களுக்குத் தெரியும். ஸ்டேஷன் வருவதற்கு முன்பே தோல் ஊறுகிற நாற்றம் தாங்காமல் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். ஆனால் ஆவாரம்பட்டையில் ஊறிப் பதமான தோலுக்குத் தனியாக ஒரு வாசனை உண்டு. மாதக்கணக்கில் அது என் மூக்கில் படவே இல்லை. எனக்கு முன்னால் நீல அங்கி போட்ட ஒரு சீனர் நின்றிருந்தார். அவர் தோளில் ஒரு பழைய தோல் பை. எங்கள் பக்கத்துச் சரக்கேதான், சத்தியம் பண்ணுவேன்.

தரம் பிரிக்கிறவன் தோலைக் கண்டால் கை சும்மா இருக்காது. மடித்துப் பார்க்கும், நகத்தால் அழுத்தும், மூக்கருகே கொண்டுபோகும். எங்கே இருக்கிறோம், அது யாருடைய பை என்ற நினைப்பே இல்லாமல் அந்தப் பையின் மூடியைத் தூக்கி முகத்தைப் புதைத்துவிட்டேன். கண்ணை மூடினேன். ஆம்பூருக்கே போய்விட்ட மாதிரி இருந்தது.

அவர் போட்ட கூச்சலில் தெருவே திரும்பியது. யாரோ என் சட்டைக் காலரைப் பிடித்தார்கள், யாரோ முதுகில் குத்தினார்கள். "அய்யோ, திருடன் இல்லப்பா, உடுங்கப்பா!" என்று மேஸ்திரி தமிழில் கத்துகிறான். யாருக்குப் புரியும்? அந்த நேரம் பார்த்துக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு போலீஸ்காரர் வந்தார். பெரிய தலைப்பாகை, மார்பு வரை தாடி. பஞ்சாபி! வெள்ளைக்காரன் ஆளுகிற பக்கத்துக்கு அவர்களைத்தான் காவல் போட்டிருந்தான். பாய்க்கு உயிர் வந்தது. மளமளவென்று உருதுவில் கொட்டித் தீர்த்தார். முஸ்லிம் தெருவுக்குப் பக்கத்தில் வளர்ந்தவன் என்பதால் எனக்கும் எல்லாம் புரிந்தது.

போலீஸ்காரர் முதலில் நம்பவில்லை. "தோலை மோந்து பார்க்கவா பையைப் பிடித்தான்?" என்று என்னையே கேட்டார். "எங்க ஊர் வாசனை வந்துச்சு சாப்" என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு பைக்காரரிடம் திரும்பித் தட்டுத்தடுமாறிச் சீனத்தில் ஏதோ சொன்னார். தன் மூக்கைத் தொட்டார், கடல் பக்கம் கை காட்டினார், நெஞ்சைத் தட்டினார்.

அந்தச் சீனர் என்ன செய்தார் தெரியுமா? பையைத் தோளிலிருந்து கழற்றி, இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார். பக்கத்தில் ஒரு டிராம் வந்து நின்றது. அவர் அதில் ஏறவில்லை. அடித்தவர்களும் விலகி நின்றார்கள். நான் பையை வாங்கி முகத்தில் வைத்துக்கொண்டு வெட்கமில்லாமல் அழுதேன். திருப்பிக் கொடுத்தபோது அவர் என் தோளைத் தட்டிவிட்டு நடந்தே போய்விட்டார்.

"எந்தக் கப்பல்?" என்று போலீஸ்காரர் கேட்டார். பாய் கப்பலைச் சொல்லி, என் மனைவியின் பிரசவத்தையும் சொன்னார். போலீஸ்காரருடைய முகம் மாறியது. தான் ஊரை விட்டு வந்தபோது தன் மனைவியும் கர்ப்பமாக இருந்தாள் என்றார். பெண் குழந்தை. இப்போது அவள் ஓடியாடி விளையாடுகிறாளாம். அவர் இன்னும் முகத்தைப் பார்க்கவில்லை. ஒவ்வொரு வருஷமும் லீவு கிடைக்கும் என்பார்கள், கிடைக்காது. "நீ போ. நீயாவது பார்" என்றவர், விசிலடித்து ரிக்ஷாக்களை நிறுத்தினார்.

எங்களை ஏற்றிவிட்டு நின்றிருக்கலாம். அவரும் முன் ரிக்ஷாவில் ஏறிக்கொண்டார். காவல் போட்ட இடத்தை விட்டு வந்தது வெள்ளைக்கார அதிகாரிக்குத் தெரிந்தால் வேலை போய்விடுமே என்று பாய் பதறினார். அவர் காதில் வாங்கவே இல்லை. வழியெல்லாம் அதட்டிக் கூட்டத்தை ஒதுக்கிக்கொண்டே போனார். துறையில் கடைசிப் படகு கரையை விட்டு நகர்ந்துவிட்டது. அவர் ஓட்டமாக ஓடி விசிலை ஊதிய ஊதலில், ஏதோ கைதி தப்பிவிட்டான் என்று படகுக்காரன் திருப்பிக்கொண்டு வந்தான். எங்களை ஒவ்வொருவராகப் பிடித்து உள்ளே தள்ளினார். நன்றி என்று ஒரு வார்த்தை சொல்ல நேரமில்லை. படகு தூரம் போன பிறகுதான், அவர் பெயரையும் கேட்கவில்லை, அந்தக் குழந்தையின் பெயரையும் கேட்கவில்லை என்று உறைத்தது. கத்திக் கேட்டேன். என்ஜின் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. கையை மட்டும் ஆட்டிக்கொண்டே நின்றார்.

நான் கணியம்பாடிக்குப் போய்ச் சேர்ந்த வாரமே என் மனைவிக்கு வலி கண்டது. வாசலில் நின்று என் மகளின் முதல் அழுகையைக் கேட்டேன். "நல்லவேளை, வந்துட்டீங்க" என்றாள் மனைவி. நானாக வந்தது போல அவள் பேசினாள்.

இப்போது பத்திரிகையைப் பிரித்தால் ஜப்பான்காரன் படையெடுத்து ஷாங்காயில் சண்டை, குண்டு என்று போட்டிருக்கிறார்கள். பாய் தினமும் வாசித்துவிட்டு, "நம்ம போலீஸ்கார சிங் பத்திரமா இருப்பாரு தோஸ்த்" என்கிறார். அவருக்கென்ன தெரியும், பாவம்! அந்த மனுஷனுக்கு லீவு கிடைத்ததா, ஊர் போய்ச் சேர்ந்தாரா, யாரைக் கேட்பது? நான் வேலை முடிந்து வரும்போது தெருக்கோடியிலிருந்தே என் மகள் ஓடி வந்து காலைக் கட்டிக்கொள்கிறாள். தூக்கி அணைக்கும்போதெல்லாம், பஞ்சாபில் பெயர் தெரியாத ஒரு பெண்ணின் அப்பாவும் அவளை இப்படி ஒரு தடவையாவது தூக்கியிருக்க வேண்டுமே என்று என் நெஞ்சு அடித்துக்கொள்கிறது.