மர்சலினுக்குப் பிடிக்காத கதாநாயகன்

“இன்னா பொழப்புடா இது?” என்று புத்தகத்தைப் பார்த்துக் கேட்கிறாள் மர்சலின். கண்ணாடியைக் கழற்றிக் கீழே வைக்கிறாள். கதாநாயகன் மறுபடி ஏதோ செய்துவிட்டான் என்று எனக்குப் புரிந்துவிடும். அவள் மூச்சு தணிகிறவரை கீரை ஆய்ந்துகொண்டிருப்பேன். எனக்கு எழுத்து தெரியாது. மந்தைவெளியில் எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கிறவள், மத்தியானம் இறங்கி வந்து எனக்குக் கதை படித்துக் காட்டுவாள்.

டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாதா கோவிலில் வேதம் வாசிப்பதும் அறிவிப்பு வாசிப்பதும் அவள்தான். அங்கே ஒரு எழுத்து பிசகாது. கோபம் வந்தால் மட்டும் ‘இன்னா’வும் ‘கீது’வும் வந்து ஒட்டிக்கொள்ளும். கேட்டை இடித்துவிட்டுப் போன ஆட்டோக்காரரிடம்கூட அவள் அப்படிப் பேசினதில்லை. புத்தகத்திடம் பேசுகிறாள்.

இப்போது படிப்பது ஒரு பழைய நாவல். பெரிய காதல் கதை என்று அதற்குப் பேர். அதில் கதாநாயகன் நாயகிக்கு வருகிற கடிதங்களைப் பிரித்துப் படிக்கிறான். தோழி வீட்டுக்கு வரக்கூடாது என்கிறான். ஒரு மழைநாளில் அவளை அறைக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்து அழுகிறான். அந்தக் கண்ணீருக்கு ஒரு பக்கம் முழுக்க எழுதியிருக்கிறார் எழுதினவர். உள்ளே கிடக்கிறவள் சாப்பிட்டாளா என்று ஒரு வரி இல்லை.

“பூட்டுனவன் அழுவுறானாம், நம்மளும் அழுவணுமாம். நான் அழுவ மாட்டேம்மா” என்றாள் மர்சலின். எழுதினவர் காலமாகிவிட்டாராம். இருந்திருந்தால் பஸ் ஏறிப் போய் நேரிலேயே கேட்டிருப்பாள்.

கதாநாயகன் பேச்சு வருகிற இடத்தை வேண்டுமென்றே ரவுடி குரலில்தான் படிப்பாள். அன்றைக்கு டீனாவும் லீவில் இருந்தாள். மர்சலினுடைய அண்ணன் மகள், தாய் தகப்பன் போன பிறகு அத்தைதான் வளர்த்தாள், பெருங்குடியில் வேலை. அவன் அப்படிப் பேசுகிற ஆள் இல்லை, ரொம்ப ஸ்வீட், அவள்மேல் உயிராக இருக்கிறான், அதனால்தான் என்று அவனுக்காக வாதாடினாள் டீனா.

மர்சலின் அதே இடத்தைத் திரும்பப் படித்தாள், இந்தத் தடவை தேனாக. “நீ வாசலில் நிற்பது எனக்குப் பிடிக்கவில்லை, கண்ணே. உன் நன்மைக்குத்தானே சொல்கிறேன்.”

டீனாவின் போன் அடித்தது. அவளுக்கு நிச்சயமாகியிருந்த மாப்பிள்ளை லாய்ட். அவனுக்கு மணிக்கொரு தரம் வீடியோவில் முகம் பார்த்துப் பேசியாக வேண்டும்.

“எங்க இருக்க குட்டி? கூட யாரு? சுத்திக் காட்டு” என்றான். கேட்க இனிமையான குரல்தான்.

பழகின கை. போனை உயரத் தூக்கி அறையை ஒரு சுற்று காட்டினாள். கட்டில், ஜன்னல், அத்தை, கீரையோடு நான். முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டேன். என் வீட்டைச் சோதனை போட அவன் யார்?

போன் வைத்ததும் மர்சலின் கத்துவாள் என்று பார்த்தேன். கத்தவில்லை. கல்யாணத்துக்கு அப்புறம் வேலைக்குப் போவாயா என்று மட்டும் கேட்டாள். அவருக்கு இஷ்டமில்லை, விட்டுவிடுவேன் என்றாள் டீனா.

“பூட்டு போடறவன் பேரு மாறிக்கீது டீனா. வேற இன்னா மாறிக்கீது?”

டீனா மாடி ஏறிவிட்டாள். உடனே கல்யாணத்தை நிறுத்து என்றேன் நான் மர்சலினிடம். “நான் நிறுத்துனா, நானும் ஒரு பூட்டு போட்ட மாதிரிதாம்மா. அவ வாயால வரணும்” என்றாள். அதில் எனக்கு இன்றைக்கும் சம்மதமில்லை. நானாக இருந்தால் அந்தப் பையனை வாசலோடு அனுப்பியிருப்பேன்.

அவர்கள் கோவிலில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு பெண், மாப்பிள்ளை பேரைச் சொல்லி, தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று வாசிப்பார்கள். ஓலை என்பார்கள். முதல் ஓலையை முந்தின ஞாயிறே மர்சலின் வாசித்திருந்தாள். இரண்டாவதுக்கு நானும் போனேன். எனக்கு அது வேறு சாமி. ஆனாலும் வீட்டில் இருக்க முடியவில்லை.

பூசை முடிகிற நேரம் மர்சலின் எழுந்து போனாள். மற்ற ஜோடிகளின் பேரைக் கணீரென்று வாசித்தாள். டீனா பேர் வருகிற இடத்தில் நிறுத்தினாள். நிமிர்ந்து, பெஞ்சில் லாய்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த டீனாவையே பார்த்தாள். மற்றவர்கள் இருமத் தொடங்கினார்கள். லாய்ட் சிரித்த முகத்தோடு டீனாவின் மணிக்கட்டைப் பிடித்து, காதில் ஏதோ சொன்னான்.

டீனா கையை உருவிக்கொண்டாள். அத்தையைப் பார்த்து, வாசிக்க வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

மர்சலின் மைக்கை அணைத்தாள்.