அக்காவுக்குத் தலைவலி போய்விட்டதாம்

டெய்லரக்காவுக்கு ஒற்றைத் தலைவலி வரும்போது முதலில் பாதி உலகம் காணாமல் போகும். எதிரே நிற்கிற ஆளுக்கு ஒரு கண்ணும் ஒரு காதும்தான் இருக்கும். மீதி இடத்தில் வெல்டிங் பட்டறை போலப் பளீர் பளீரென்று கோடுகள் ஓடும். கொஞ்ச நேரத்தில் உலகம் முழுசாகத் திரும்பிவிடும், ஆனால் சும்மா வராது, கூடவே வலியையும் கூட்டிக்கொண்டு வரும். அப்புறம் வெளிச்சம் ஆகாது, சத்தம் ஆகாது, பக்கத்து வீட்டில் வெங்காயம் வதக்கினால் அந்த வாசனையும் ஆகாது.

இதை வெளியே சொல்வதில் ஓர் ஆபத்து உண்டு. கேட்கிற எல்லோருக்கும் தலை இருக்கிறது, ஆகவே எல்லோரிடமும் வைத்தியமும் இருக்கிறது. ஒருவர் சுடுதண்ணீரில் காலை வைக்கச் சொன்னார். இன்னொருவர் பச்சைத்தண்ணீரில் தலையை நனைக்கச் சொன்னார். இரண்டையும் ஒன்றாகச் செய்து பார்த்ததில் சளி பிடித்ததுதான் மிச்சம். டாக்டர் ஒருவர்தான் உருப்படியாகப் பேசினார். வரப்போகிறது என்று தெரிந்ததும் மாத்திரையைப் போடு, வேலையை நிறுத்து, இருட்டில் படு என்றார். மாத்திரையை அவள் ஒழுங்காகப் போட்டுக்கொள்வாள். வேலையை நிறுத்துவதுதான் அவள் கற்றுக்கொள்ளாத தொழில்.

சரியான வைத்தியம் தெரிந்தவள் தங்கைதான். அக்காவின் தையல்கடைக்கு மேலே இருந்த இரண்டு அறைகளில் அக்காவும் தங்கையும் மட்டும் பல வருஷமாகக் குடியிருந்தார்கள். இருவருக்கும் கல்யாணம் ஆகவில்லை, அதைப் பற்றி அக்கம்பக்கத்தார் கவலைப்பட்ட அளவுக்கு அவர்கள் கவலைப்படவும் இல்லை. தங்கை ஒரு செருப்புக்கடையில் விற்பனைக்கு நிற்பவள். வாய் ஓயாத பிறவி. குளிக்கும்போதும் கதவுக்கு அந்தப் பக்கமிருந்து கதை சொல்வாள். ஆனால் அக்கா நெற்றியில் கை வைத்துவிட்டால் போதும், அன்றைக்கு முழுக்க ஊமை. ஜன்னலை மூடி, கடிகாரத்திலிருந்து பேட்டரியைக் கழற்றி, துண்டை நனைத்துப் பிழிந்து நெற்றியில் போட்டுவிட்டு, கால்மாட்டில் உட்கார்ந்து பாதத்தை அமுக்கிக்கொண்டிருப்பாள். "இப்ப எப்படி இருக்கு?" என்ற அந்தப் பாழாய்ப்போன கேள்வியைக் கேட்கவே மாட்டாள். அந்தக் கை பாதத்தில் இருக்கிறவரை அக்காவுக்கு வலி இருக்கும், பயம் இருக்காது.

இப்படி இருந்த வீட்டுக்குள்தான் டிரம்பெட் நுழைந்தது.

அவர் ஒரு பேண்டு குழுவில் டிரம்பெட் ஊதுகிறவர். பேண்டுக்குக் கறுப்பு ஷூ வாங்க வந்தவர், அடுத்த வாரமும் வந்தார், அதற்கடுத்த வாரமும் வந்தார். மனிதனுக்கு இருப்பது இரண்டே கால், அவர் வாங்கிப்போன ஜோடிகளைப் பார்த்தால் பூரான் என்றுதான் நினைக்கத் தோன்றும். நாற்பதைத் தாண்டிய தங்கை கண்ணாடி முன்னால் கூடுதல் நேரம் நின்றபோதே அக்காவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஆள் தங்கமானவர், அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. தொண்டைதான் பிரச்சினை. அவர் இங்கே ரகசியம் பேசினால் தெருமுனையில் நிற்பவர் பதில் சொல்வார்.

கல்யாணத் தேதி நெருங்கியபோது தங்கை திடீரென்று முரண்டு பிடித்தாள்.

"நான் போயிட்டா உனக்குத் தலை வலிச்சா யாருக்கா பார்த்துப்பா? வேணாம். நான் அவர்கிட்ட முடியாதுன்னு சொல்லிடறேன்."

"எனக்கு எங்கடி இப்ப வலிக்குது? வந்தே எவ்வளவோ நாளாச்சு. அதெல்லாம் போயே போச்சு. நீ பேசாம புடவை எடுக்கிற வேலையப் பாரு" என்றாள் அக்கா.

சுத்தப் பொய். சொல்லும்போதே நெற்றிப்பொட்டில் ஒரு நரம்பு துடித்துக்கொண்டிருந்தது. ஆனாலும் அந்தப் பொய்யில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

கல்யாணம் முடிந்து தங்கை ஊரின் இன்னொரு கோடிக்குப் போய்விட்டாள். லீவு நாளில் தவறாமல் வந்து, செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே கேட்பாள்.

"தலை எப்படிக்கா இருக்கு?"

"நீ போனதுல இருந்து ஒரு தடவைகூட வரலடி. ஜம்முனு இருக்கேன்."

பொய்யை ஆரம்பித்தவளுக்கு அதை அப்படியே விட மனசு வரவில்லை. துணியாக இருந்தால் லேஸ் வைப்பாள், இதற்கும் வைத்தாள். வீடு அமைதியாக இருக்கிறது என்றாள், படுத்தால் தூக்கம் அள்ளிக்கொண்டு போகிறது என்றாள், டாக்டரே ஆச்சரியப்பட்டார் என்றாள். கேட்கக் கேட்கத் தங்கையின் முகம் சின்னதாகிக்கொண்டே வந்தது. பேச்சு குறைந்தது. வாராவாரம் வந்தவள் எப்போதாவது வந்தாள், பிறகு போனில் மட்டும் கேட்டாள், அதுவும் இரண்டு வார்த்தை.

சரி, கல்யாணமாகிவிட்டது, இனி அக்கா எதற்கு என்று பெரியவள் முடிவு கட்டினாள். வாய்விட்டுச் சொல்லவில்லை, உள்ளே வைத்துப் பொருமினாள். தலைவலியோ முன்னைவிட அடிக்கடி வந்தது. ஜன்னலைத் தானே மூடி, துண்டைத் தானே நனைத்துக்கொண்டு படுப்பாள். கண்ணிலிருந்து தண்ணீர் வழியும். வலிக்காக அழுகிறோமா, அவள் இல்லாததற்காக அழுகிறோமா என்று அவளுக்கே பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் மாப்பிள்ளை ஒரு பெரிய வேலையைக் கொண்டுவந்தார். புதுப் பேருந்து நிலையத் திறப்பு விழாவில் அவர்களுடைய பேண்டு வாசிக்கப்போகிறது, எல்லோருக்கும் சிவப்புக் கோட்டு வேண்டும். "நம்ம அக்கா இருக்கும்போது வெளிய ஏன் கொடுக்கணும்?" என்று அவர் கேட்டது கடையிலிருந்த துணிகளையெல்லாம் அசைத்தது. டெய்லரக்கா கடையில் தைப்பது பெரும்பாலும் பெண்கள் உடைதான். இருந்தாலும் கௌரவம் விடுமா? ஒத்துக்கொண்டாள்.

கடையில் அவளுக்கு ஒத்தாசையாக ஒரு கட்டிங் மாஸ்டர் இருந்தார். வெட்டுவதும் இஸ்திரி போடுவதும் அவர் வேலை. கோட்டுகள் நன்றாகவே வந்தன. தோள் நின்றது, காலர் படிந்தது. மிஞ்சியது காஜா என்கிற பட்டன் துளையும் பட்டனும்தான். ஆண்கள் கோட்டென்றால் காஜா இடப்பக்கம், பட்டன் வலப்பக்கம். பெண்கள் உடைக்கு நேர்மாறு. தையல் பழகும் பிள்ளைகள் முதல் வாரத்தில் படிக்கிற பாடம் இது.

காஜாவுக்குச் சாக்பீஸால் குறி போட உட்கார்ந்தபோதுதான் பாதி உலகம் போயிற்று. அவள் மாத்திரையை விழுங்கினாள். கோட்டின் ஒரு பக்கம் இருந்தது, மறுபக்கத்தில் பளீர் பளீர். மறுநாள் விழா. நிறுத்தவா முடியும்? கை எத்தனையோ வருஷமாகப் பழகிய பக்கத்திலேயே குறி போட்டுக்கொண்டு போனது. குறி போட்ட இடத்தில் காஜா அடித்தாள், எதிர்ப்பக்கம் பட்டன் வைத்தாள். உலகம் திரும்பி வந்து வலி ஆரம்பித்தபோது பாதிக் கோட்டுகள் முடிந்திருந்தன. மீதியைப் பல்லைக் கடித்துக்கொண்டு முடித்தாள்.

இஸ்திரி போட எடுத்த மாஸ்டர் முதல் கோட்டிலேயே கண்டுபிடித்துவிட்டார்.

"அக்கா, இந்தக் கோட்டு..."

"மாஸ்டர், பேசாதீங்க."

அவர் அடுத்த கோட்டை எடுத்துப் பார்த்தார்.

"இல்லக்கா, ஒரே ஒரு விஷயம்..."

"ஒரு வார்த்தை பேசினீங்க, கத்தரிக்கோலத் தூக்கி அடிச்சிடுவேன்."

அவருக்குத் தலைவலி சமாச்சாரம் தெரியாது, அவரும் வைத்தியம் சொல்லிவிடுவாரே என்று அவள் கடையில் மூச்சுவிட்டதில்லை. அக்காவுக்குத் தன்மேல் என்ன கோபமோ என்று அவர் பயந்துபோனார். ஒருவேளை பேண்டுக்காரர்கள் கேட்டே இப்படித் தைக்கச் சொல்லியிருப்பார்கள் என்று தனக்குத்தானே சமாதானமும் சொல்லிக்கொண்டார். வாயைப் பொத்திக்கொண்டு அத்தனையையும் அழகாக இஸ்திரி போட்டு அனுப்பிவைத்தார்.

மறுநாள் விழா. டெய்லரக்கா போகவில்லை. வலி இரண்டாம் நாளை எட்டியிருந்தது. எல்லா ஜன்னலையும் மூடி, நெற்றியில் ஈரத்துண்டோடு படுத்திருந்தாள். மதியம் தாண்டியதும் கதவு இடிபட்டது. பெரிய டிரம்மைத்தான் யாரோ வாசலில் வைத்து அடிக்கிறார்கள் என்று நினைத்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு போய்த் திறந்தால், சிவப்புக் கோட்டோடு மாப்பிள்ளை நிற்கிறார்.

"அக்கா! இன்னைக்கு என்ன ஆச்சு தெரியுமா? ஒருத்தனுக்கும் பட்டன் போட வரல! டிரம்காரன் தன் வயித்தையே கிள்ளிக்கிறான்! இது லேடீஸ் கோட்டுன்னு கூட்டத்துல ஒரு பொம்பளை..."

முழுசாகச் சொல்லி முடிக்கவில்லை. ஒவ்வொரு வார்த்தைக்கும் அவள் முகம் சுருங்குவதை அவர் பார்த்துவிட்டார். நெற்றித் துண்டையும், பின்னால் இருட்டாய்க் கிடந்த அறையையும் பார்த்தார். இந்தக் காட்சியை மனைவி அவருக்கு ஆயிரம் தடவை வர்ணித்திருக்கிறாள்.

"வந்திருக்கா?" என்று கிசுகிசுத்தார். அவர் கிசுகிசுத்ததில் எதிர்வீட்டு நாய் எழுந்துவிட்டது.

அவள் தலையை மட்டும் அசைத்தாள். அழுகை வந்துவிட்டது.

அடுத்து அந்த மனிதர் பட்ட பாட்டைப் பார்த்திருக்கவேண்டும். சத்தம் வரக்கூடாதென்று ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நுழைந்தார், ஒரு ஷூ நழுவி விழுந்தது. துண்டை நனைக்கப் போனார், குவளை உருண்டது. உருண்ட குவளையைப் பிடிக்கக் குனிந்தபோது தலை மேசையில் மோதியது. அடித்தொண்டையில் வந்த அலறலை அப்படியே விழுங்கினார். டெய்லரக்காவுக்கு அந்த வலியிலும் சிரிப்பு முட்டியது. கடைசியில் துண்டு பிழிந்து வந்தது. அவர் சுவரோரமாகத் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார், உட்கார்ந்தவர் வாயைத் திறக்கவே இல்லை. கடிகாரம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பேசாமல் இருப்பது அவருக்கு எவ்வளவு கஷ்டமென்று அவளுக்குத் தெரியும். பக்கத்தில் ஒரு ஆள் மூச்சுவிடுவது கேட்டுக்கொண்டிருந்ததே பெரிய ஆறுதலாக இருந்தது. இந்த மனுஷனைப் போய் டிரம்பெட் என்று திட்டினோமே என்று நினைத்தாள்.

கொஞ்சம் தேறியதும் அவள்தான் பேச்சை ஆரம்பித்தாள்.

"கோட்டு விஷயம்... அங்க என்ன சொன்னீங்க மாப்பிள்ளை?"

"நான்தான் இப்படித் தைக்கச் சொன்னேன்னு சொல்லிட்டேன். வலது கையில வாத்தியம் இருக்கும்போது இடது கையால பட்டன் போட வசதின்னு சொன்னேன். எங்க பேண்டு மாஸ்டர் நம்பிட்டாரு. இனிமே எல்லாக் கோட்டையும் இப்படியே தைக்கணுமாம்."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அப்புறம் மெதுவாகச் சொன்னாள்.

"எனக்கு இன்னும் வலி வருதுன்னு அவகிட்ட சொல்லிடாதீங்க. அவ அங்க சந்தோஷமா இருக்கா. இருக்கட்டும்."



"யாரு சந்தோஷமா இருக்கான்னு சொன்னது? அவ என்ன நினைக்கிறா தெரியுமா? நான் வீட்ல இருந்த வரைக்கும் அக்காவுக்கு மண்டையைப் பிளந்துச்சு, நான் கிளம்பினதும் நின்னுபோச்சு, அப்படின்னா இத்தனை வருஷமா என் தொணதொணப்புத்தான் அவளைப் படுத்தி வெச்சிருக்குன்னு அழுவறாக்கா. இங்க வந்தா உங்களுக்குத் திரும்ப வந்திடுமோன்னு பயந்துதான் வர்றதையே நிறுத்திட்டா. இப்பல்லாம் வீட்ல பேசறதுகூட இல்ல. ஒரே அமைதி. எனக்கே பைத்தியம் பிடிக்கும்போல இருக்கு."

டெய்லரக்கா எழுந்து உட்கார்ந்தாள். அந்த வேகத்தில் மண்டைக்குள் இடி இறங்கியது, பொருட்படுத்தவில்லை. லேஸ் வைத்து லேஸ் வைத்துத் தான் அனுப்பிய ஒவ்வொரு பொய்யும் அந்தப் பெண் நெஞ்சில் போய் எங்கே குத்தியிருக்கிறதென்று இப்போதுதான் தெரிந்தது. அவள் மறக்கவில்லை. அக்காவுக்கு நல்லதென்று நினைத்துத் தள்ளி நின்றிருக்கிறாள்.

"போனைக் குடுங்க."

அவர் எண்ணைப் போட்டுக் கொடுத்தார். அந்தப் பக்கம் எடுத்ததும் தங்கை தன் புருஷன் என்று நினைத்துக்கொண்டு, "சொல்லுங்க" என்றாள். அந்தக் குரலில் உயிரே இல்லை.

"நான்தான்டி. எனக்குத் தலை வலிக்குது."



"எப்ப இருந்து?"

"நீ போன நாள்ல இருந்து. நிக்கவே இல்ல. முன்னவிட ஜாஸ்தி. உன்னால ஒண்ணும் வரலடி. நீ பக்கத்துல இருந்ததாலதான் அத்தனை வருஷம் தாங்கினேன். நான் சொன்னது அத்தனையும் பொய்."

மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அடுத்த நொடி அணை உடைந்தது. எத்தனை மாசமாக அடக்கி வைத்திருந்தாளோ, அத்தனையும் ஒரே மூச்சில் வந்தது. பொய் சொன்ன வாயில் சூடு போடவேண்டும் என்றாள், நீயெல்லாம் ஒரு அக்காவா என்றாள், மாத்திரை போட்டாயா, சாப்பிட்டாயா, ஜன்னலை எவள் மூடினாள் என்று கேள்வியாகக் கேட்டாள், பதிலுக்குக் காத்திருக்காமல் அழுதாள், அழுதுகொண்டே திட்டினாள், தெருவில் இறங்கி ஓடிவந்துகொண்டே திட்டுகிறாள் என்பது மூச்சிரைப்பிலிருந்து தெரிந்தது. மாப்பிள்ளையின் தொண்டையெல்லாம் அந்தக் கத்தலுக்கு முன்னால் ஒன்றுமில்லை.

மாப்பிள்ளை பதறிப்போய், "போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடிங்கக்கா, தலை வெடிச்சிடப்போகுது" என்று சைகை காட்டினார்.

டெய்லரக்கா மாட்டேன் என்று கையை ஆட்டிவிட்டு, போனைக் காதோடு இன்னும் நெருக்கி வைத்துக்கொண்டாள்.