ரூட்டருக்குள் இருந்த ஏழு பேர்

ஒரு வீட்டின் வைஃபை யாருக்குச் சொந்தம்?

லைன் யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கா, பாஸ்வேர்ட் தெரிந்தவருக்கா, இல்லை... யாருடைய வீட்டு வளவுக்கு மேலால் கம்பி வருகிறதோ அவருக்கா? ஒரு வாரமாக யோசிக்கிறேன். விடை கிடைக்கவில்லை.

சென்ற வியாழக்கிழமை மாலை நான்கு மணிக்கு என் மகள் ஹனாவுக்கு வீடியோ வகுப்பு. கொழும்பில் இருக்கும் பேச்சுப் பயிற்சி மிஸ்ஸோடு. ஹனாவுக்கு மூன்றரை வயது. தனிச் சொற்கள் வரும் — பால், வா, பூனை. இரண்டு சொல்லைச் சேர்த்து ஒரு நாளும் சொன்னதில்லை. இந்த நேரம் கிடைக்க இரண்டு மாதம் காத்திருந்தோம். இதற்கு முந்திய வகுப்பைப் போன் டேட்டாவில் வைத்தேன். நின்று நின்று ஓடிப் பாதியில் அறுந்துபோனது. பிள்ளையின் வாயசைவு தெரியாவிட்டால் மிஸ்தான் என்ன செய்வார்?

இந்த முறை எதையும் கடைசி நேரத்துக்கு வைக்கக் கூடாது என்று, பகல் இரண்டு மணிக்கே ரூட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்தேன்.

திறக்காமல் இருந்திருக்கலாம்.

இணைந்திருப்பவை: ஏழு. கணவர் கத்தாரில். ஓட்டமாவடி வீட்டில் நானும் ஹனாவும் மட்டும்தான். என் போன், அவளுடைய டெப் — இரண்டு. மற்ற ஐந்தும் யார்? முகம் தெரியாத ஐந்து பேர் எங்கள் ஸோபாவில் வந்து உட்கார்ந்திருப்பதுபோல இருந்தது. இவர்கள்தான் லைனை இழுக்கிறார்கள். இவர்களால்தான் வகுப்பு அறுந்துபோகப் போகிறது!

பட்டியலில் இரண்டுக்குப் பக்கத்தில் எனக்குத் தெரிந்த கம்பனிப் பெயர் இருந்தது. அவை நம்முடையவை என்று விட்டுவிட்டேன். மற்றவை எல்லாம் வெறும் எழுத்தும் இலக்கமும். ஒவ்வொன்றாகத் தடை செய்தேன். ஐந்தாவதை அழுத்தியதும் பக்கம் அப்படியே உறைந்தது.

ஐந்தாவது ஆள் நான்தான்.

டெப்பும் போய்விட்டது. அதையும் நானே தடுத்திருந்தேன். இனி ரூட்டருக்குள் நுழைய வழியில்லை. பின்பக்கம் ஒரு சின்ன ஓட்டை உண்டு, குத்தினால் எல்லாம் சரியாகும் என்று எங்கேயோ வாசித்த ஞாபகம். ஸ்கார்பில் குத்தியிருந்த பின்னைக் கழற்றி, ஓட்டைக்குள் குத்திப் பிடித்துப் பத்து வரை எண்ணினேன். தடை எல்லாம் அழிந்தது உண்மைதான். கூடவே நிறுவனம் போட்டுத் தந்த இணைப்பு விபரமும் அழிந்துபோனது. இன்டர்நெட் லைட் சிவப்பு.

பள்ளிவாசலில் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்வரை வாடிக்கையாளர் சேவைக்கு எடுத்துக்கொண்டே இருந்தேன். ஒருவழியாக ஒரு தம்பி கிடைத்தார்.

"மெடம், ரீசெட் ஏதும் பண்ணினீங்களா?"

"இல்லை."

எனக்குப் பொய் நிற்காது. இரண்டு செக்கன்தான்.

"ஓம்... பண்ணிட்டன்."

அவர் சிரிக்கவில்லை. நல்ல பிள்ளை. "அப்ப லைன் பூட்டின அண்டு தந்த யூசர் நேமும் பாஸ்வேர்டும் வேணும் மெடம். ஒரு தாள்ல எழுதித் தந்திருப்பாங்க."

எந்தத் தாள்? தம்பியை ஹோல்டில் வைத்துவிட்டுக் கணவருக்கு எடுத்தேன். வேலை நேரம், எடுக்கவில்லை. அலுமாரியைக் கவிழ்த்தேன். மணி மூன்றரை. ஹனா என்னைப் பார்த்து அழத் தொடங்கினாள். அவளைப் பார்த்து நானும்.

அப்போதுதான் குசினிப் பக்கத்தால் ஜெஸீமா ராத்தா வந்தார். பக்கத்து வளவு அக்கா. கையில் போன்.

"புள்ள, உங்கட லைனும் போயிட்டா? ரெண்டு மணியில இருந்து எண்ட போன்ல ஒண்டுமே இல்ல."

"போயிட்டு ராத்தா. அந்தத் தாளும் இல்ல..."

"எந்தத் தாள்? லைன் பூட்ட வந்தவன் தந்ததா? அது எண்ட காணி உறுதிப் பேக்குக்குள்ள இரிக்கி. நீங்கதானே அண்டைக்கு புள்ளைக்குக் காய்ச்சலெண்டு ஆஸ்பத்திரியில. மறுகா ஆர் எடுத்து வெக்கிற?"

டெலிபோன் போஸ்ட் அவருடைய வளவுக்கு அந்தப் பக்கம். கம்பி அவருடைய முருங்கைக்கு மேலால்தான் எங்களிடம் வர வேண்டும். அன்றைக்குக் கொப்பு வெட்டி வழிவிட்டு, வந்தவர்களுக்குத் தேத்தண்ணீர் கொடுத்து, தாளையும் வாங்கி வைத்தது அவர்தான். எனக்கு இதெல்லாம் இப்போதுதான் தெரிகிறது.

ஹனாவை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஸ்பீக்கரில் இருந்த தம்பிக்கு அவரே வாசித்தார்.

"எம்... நாலு... இல்ல தம்பி, ஏ மாதிரியும் இரிக்கி. கோழி கிண்டின மாதிரியல்லோ எழுதிக் கிடக்கு! உங்கட ஆக்களுக்கு எழுத்துப் படிப்பிக்கிறல்லயா?"

தம்பி சரிபார்த்துச் சொன்னதை நான் டெப்பில் ரூட்டர் பக்கத்தில் போட்டேன். மூன்றாம் தரம் சிவப்பு அணைந்து பச்சை வந்தது. ராத்தா ஹனாவைத் தூக்கிக் குலுக்கினார். "லைட் வந்திட்டு! லைட் வந்திட்டு!"

"வைஃபைக்குப் புதுப் பாஸ்வேர்ட் ஒண்டு போடுங்க மெடம்" என்றார் தம்பி.

"புதுசு என்னத்துக்கு புள்ள? நம்மட பழையதையே போடுங்க."

நம்மட?

"உங்கட மாப்பிள்ளை கத்தாருக்குப் போகக்குள்ள தந்தவர்தானே. 'ராத்தா, உங்கட வளவால வாற லைன், நீங்களும் பாவியுங்க' எண்டு. சவூதியில இருந்து மகன் வியாழக்கிழமையிலதான் எடுப்பான். இண்டைக்கும் எடுத்திருப்பான்... இந்தக் கம்பனிக்காரன்ட வேலையால!"

பழையதையே போட்டுவிட்டு மனதுக்குள் கணக்குப் பார்த்தேன். நான் தடுத்த ஐந்தில் இரண்டு அவர் வீட்டுப் போன்கள். 'நம்முடையவை' என்று விட்டுவைத்த இரண்டும் அவருடைய மருமகள்மாருடையவை! மிச்சம் ஒன்று, அறைக்குள் சார்ஜில் மறந்து கிடந்த கணவரின் பழைய போன்.

நான்கு மணிக்கு வகுப்பு தொடங்கியது. ஒரு தடவையும் அறுபடவில்லை. மிஸ் படங்களைக் காட்டிக்கொண்டு வந்தார். பூனை — "பூனை." பந்து — பதில் இல்லை. மேசை விளக்கு ஒன்றைக் காட்டினார். ஹனா திரையைக் குத்திக்கொண்டு சொன்னாள்:

"லைட் வந்திட்டு!"

இரண்டு சொல். சேர்த்து. மிஸ் கைதட்டினார். எனக்குத் திரை மங்கலாகிவிட்டது. வாசலில் நின்ற ராத்தா, "நான் படிப்பிச்சது மிஸ்!" என்று உரத்துச் சொன்னார். அல்ஹம்துலில்லாஹ். அன்று எத்தனை தடவை சொன்னேனோ தெரியாது.

கதவைப் பூட்டுகிறோம், பாஸ்வேர்ட் போடுகிறோம், பட்டியல் பார்த்துத் தடுக்கிறோம். பிள்ளை வைத்திருப்பவள் கவனமாக இருக்கத்தானே வேண்டும்? ஆனால் நான் திருடர் என்று வெளியே தள்ளியவர்தான் அன்று தாளோடு உள்ளே வந்தார்.

அவருடைய மகன் மறுநாள் எடுத்துப் பேசிவிட்டாராம். ராத்தாவோ ஒழுங்கை முழுக்க அந்தக் கம்பனியை ஏசித் திரிகிறார். போதாததற்கு என்னையும் சாட்சிக்குக் கூப்பிடுகிறார். நான் தலையாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

உண்மையைச் சொன்னால் சிரித்துவிட்டுப் போவாரா, இல்லை மனம் நொந்து இனி எங்கள் வைஃபையைத் தொடாமலே விட்டுவிடுவாரா? இரண்டாவதுதான் என் பயம். இப்படிப்பட்ட ஒருவரிடம் இதை எப்படிச் சொல்வது? அனுபவப்பட்டவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.

பாஸ்வேர்டை மாற்று என்று மட்டும் எழுதாதீர்கள்!