மகள் கேட்ட கதலிப்பழம்

நீர்வேலியில் எங்கள் வீட்டைச் சுற்றி வாழைதான். ஐந்து வயது மகளுக்குக் காய்ச்சலும் இருமலும் வந்ததிலிருந்து அவள் கேட்டதெல்லாம் கதலிப்பழம். பார்க்க வந்த சனமெல்லாம், "பழம் குளிர், குடுத்திடாதை. சளி கட்டும்" என்று அவளுக்கு முன்னாலேயே சொன்னார்கள். நானும் கொடுக்கவில்லை.

காய்ச்சல் விடவில்லை. நிமோனியா முற்றி, நுரையீரலைச் சுற்றிச் சீழ் பிடித்திருப்பதாக ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். விலாவில் துளையிட்டுக் குழாய் வைத்தார்கள். கட்டிலடியில் இருந்த போத்தலுக்குள் மஞ்சளாகச் சீழ் இறங்கியது. பிறகு அதுவும் நின்றுவிட்டது. உள்ளே தடித்துப்போய்விட்டதாம், நெஞ்சைத் திறந்துதான் எடுக்க வேண்டுமாம்.

"பிள்ளை தாங்குவாளோ தெரியாது" என்றார் டொக்டர்.

எனக்கு வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை. பழம் கொடுக்கலாமா என்று கேட்டேன்.

"பழத்தாலை சளி வராதம்மா. அவ விரும்பினதைக் குடுங்கோ."

வந்துபோன அத்தனை பேரையும் மனத்துக்குள் திட்டித் தீர்த்தேன். என் கணவர் தோட்டத்திலிருந்து ஒரு சீப்புக் கதலி கொண்டுவந்தார். ஒன்றை உரித்து மகளின் வாயருகே கொண்டுபோனேன்.

குழாய் போட்ட பக்கம் நோகாதபடி அவள் மெல்ல முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"வேண்டாமம்மா, சளி கட்டும்."